பெயர் போடாத வாசகி

3

"இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள ஒரு பொண்ணைக் கண்டுபிடிக்கணும் மேடம். பேர் தெரியாது. ஊர் தெரியாது. முகம் தெரியாது."

ஆஃப்ரின் சொல்லி முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

"பொண்ணுன்னு தெரிஞ்சிருக்கே. ஒரே வரியில பாதி உலகத்தைக் கழிச்சிட்டீங்க," என்றான் அஃப்சல்.

தனக்கொடி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இன்னொன்று சொல்வான். நாற்பது வயது ஆள். முல்லா வீதியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்கள், வாய் தாங்காமல் அவனைக் கடையிலிருந்து கழற்றிவிட்டதில் இவளிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன். தனக்கொடிக்கு நாற்பத்தாறு. பதினோரு வருடம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவள், பிறகு நகைக்கடையில் திருட்டுப் பிடிக்கும் பெண் காவலாக இருந்தவள். இப்போது பாரதி வீதியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவரின் வீட்டு மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம். படிக்கட்டு மட்டும்தான் பிரெஞ்சுக்காரன் கட்டியது. மேலே இருந்தது ஓலைத் தட்டி.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா."

ஆஃப்ரினுக்கு முப்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தே 'எழுத்துக்கூலி' என்று ஒரு வலைப்பூ நடத்துகிறாள். எழுதிச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு இணையத்தில் என்னென்ன உதவி கிடைக்கிறது என்று ஒரு பட்டியல். இலவசப் படம் எங்கே எடுக்கலாம், பேசினால் தமிழில் தானாகத் தட்டச்சாகும் ஆப் எது, வேலை கொடுப்பவரிடம் எப்படி ஒப்பந்தம் எழுதி வாங்குவது, ஒரு கட்டுரைக்கு என்ன கேட்கலாம், எந்தத் தளம் வேலை தரும். மாதம் நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். பக்கத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'ஏழு நாள் நானே பயன்படுத்திப் பார்க்காத எதுவும் இங்கே இல்லை.'

"அதுல சொல்மனைன்னு ஒரு தளம் போட்டிருந்தேன் மேடம். எழுதுறவங்களுக்கு வேலை குடுக்கிறதா சொல்றாங்க. நேத்து நாலு பேர் புகார் எழுதியிருக்காங்க. மூணு மாசம் எழுதி வாங்கிட்டு, உங்க தரம் போதாதுன்னு வெளிய தள்ளிடறாங்களாம். கட்டுரை மட்டும் வேற பேர்ல வெளிய வருதாம். காலைல எழுந்ததும் அதை எடுத்துட்டேன். எச்சரிக்கையும் போட்டுட்டேன். அப்புறம்தான் இதைப் பாத்தேன்."

போனை நீட்டினாள். காலை ஐந்து முப்பத்தைந்துக்கு வந்த செய்தி.

'ஆஃப்ரின் அக்கா, நீங்க சொன்னதை நம்பித்தான் சொல்மனைக்கு எழுதிப் போட்டேன். எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமைலேர்ந்து முழு நேரம். கம்பெனி வேலையிலேர்ந்து நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சா கடைசிக் கையெழுத்து. போனை கேட்ல வாங்கி வெச்சிக்குவாங்க, அதான் பஸ்லயே சொல்லிடறேன். வழி காட்டினீங்க. மறக்க மாட்டேன்.'

"திருப்பி எழுத வேண்டியதுதானே?"

"முடியாது. கூலி பத்தி யார் வேணா பயமில்லாம கேக்கட்டும்னு பேர், நம்பர் எதுவும் இல்லாம எழுதுற மாதிரி ஒரு பெட்டி வெச்சேன். நல்லது பண்றதா நெனச்சித்தான் வெச்சேன். ஒரே போன்லேர்ந்து வந்தா ஒரே குறி விழும். அவ்ளோதான் தெரியும். அந்தக் குறில முன்னாடியும் ஆறு செய்தி வந்திருக்கு. ஒன்னுல எழுதியிருந்தா, வீட்டுக்காரர் சாரத்திலேர்ந்து விழுந்து இடுப்பு போயிடுச்சாம். அவ சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. அதை விட்டுட்டு…" ஆஃப்ரின் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்மனையைப் பத்தி நீங்க என்னா எழுதியிருந்தீங்க? காட்டுங்க."

"எடுத்துட்டேன்னு சொன்னேனே மேடம்."

"எடுத்தா எங்கயாவது இருக்குமே."

"அழிச்சிட்டேன். பாக்கவே கூசிச்சு."

தனக்கொடி தலையை ஆட்டினாள். அழித்தவள் முகத்தை ஒரு நொடி அதிகமாகவே பார்த்தாள். பிறகு ஆறு செய்திகளையும் வாங்கி வரிசையாகப் படித்தாள்.

ஒன்று: 'பேசினா டைப் ஆகிற ஆப் பெரிய சத்தத்துல வேலை செய்யுமா அக்கா? கட்டைவிரலை வெச்சா போன் எடுக்கவே மாட்டேங்குது. சுண்டுவிரல் ஓரத்தால தட்டுறேன்.'

இன்னொன்று: 'நெட் இல்லாம வார்த்தை எண்றதுக்கு ஏதாவது இருக்கா? நான் இருபத்தஞ்சுக்கு ஒரு கோடு போட்டு எண்றேன். எட்டு கோடு வந்தா எரநூறு.'

இன்னொன்று: 'இலவசப் படம் குடுக்கிற சைட்ல வேலைன்னு தேடினா எல்லாக் கையும் காப்பிக் கப்பைத்தான் புடிச்சிட்டிருக்கு. எங்க கை மாதிரி ஒரு கைகூட இல்லியே அக்கா.'

"பிள்ளைச்சாவடிதான் அக்கா," என்று எழுந்தே விட்டான் அஃப்சல். "மீன் கம்பெனி. கை வேலை, சத்தம், போன் எடுக்கல. முடிஞ்சது கேஸ். வர்றப்ப வஞ்சிரம் வாங்கிட்டு வந்துடலாம்."

"ஒக்காரு. மீன் வெட்டுறவ கை ஈரம். ஈரக் கை பட்டா போன் தானாக் குதிக்கும். இது எடுக்கவே மாட்டேங்குது. இது காஞ்ச கை."

"செங்கல் சூளை?"

"சூளைக்கு பஸ் வுடுவாங்களாடா?" தனக்கொடி தன் வலது கட்டைவிரலை மேசை விளக்கின் கீழ் நீட்டினாள். நகத்தடியில் பழைய வெடிப்பு, வெள்ளைக் கோடாக. "அட்டை. நாள் பூரா அட்டையைத் தடவினா விரல்ல இருக்கிற ஈரத்தை அட்டை குடிச்சிடும். தோல் வெடிக்கும். வெடிப்புல பசை எறங்கினா உயிர் போகும். அதுக்குத்தான் டேப் சுத்திக்குவோம். டேப் சுத்தின விரலுக்கு எந்த போனும் வேலை செய்யாது."

"அந்த இருபத்தஞ்சு?"

"பெட்டிக் கம்பெனில இருபத்தஞ்சு அட்டை ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு கோடு. வார்த்தையையும் அவ கட்டு கட்டித்தான் எண்றா." செய்திகள் வந்த நேரத்தைக் காட்டினாள். "ஒரு வாரம் காலைல அஞ்சரை, அடுத்த வாரம் மத்தியானம். ஷிஃப்ட் மாறுது. கம்பெனி பஸ்ல ஒக்காந்து அனுப்புறா. வேலையை வுடறதை 'நின்னுக்கிறேன்'னு சொல்றது நம்ம ஊர்ப் பேச்சு. அந்த மாதிரி பெட்டிக் கம்பெனி நம்ம பக்கம் ரெண்டு. மேட்டுப்பாளையத்துல ஒன்னு, சேதராப்பட்டுல ஒன்னு."

அஃப்சல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். "வஞ்சிரம் போச்சு," என்றான்.

*

மேட்டுப்பாளையம் கம்பெனி வாசலில் காவலாளி கையில் தினசரி வைத்திருந்தார். அதில் விளையாட்டுப் பக்கம் முடிகிற வரை யாருக்கும் பதில் இல்லை. முடிந்ததும் சொன்னார்.

"பொம்பளைங்களுக்கு இங்க எட்டரைக்குத்தான் ஆரம்பம். காலை ஷிஃப்ட்லாம் ஆம்பளைங்க மட்டும். பஸ்ஸா? எங்களுக்கே சைக்கிள் ஸ்டாண்டு இல்ல."

மணி பன்னிரண்டேகால். பாரதி வீதியிலிருந்து சிக்னல் சிக்னலாக நின்று வந்ததில் பாதி, இந்த வாசலில் நின்றதில் பாதி. முழுதாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது.

ஆஃப்ரின் தன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அஃப்சல் தலைக்கவசத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, ஒன்னு கேப்பேன். நீ பதினோரு வருஷம் வேலை பாத்தது சேதராப்பட்டு கம்பெனி. அங்க பொம்பளைங்களுக்குக் காலை ஷிஃப்ட் உண்டு, பஸ் உண்டுன்னு உனக்குத் தெரியும். இங்க எதுக்கு வந்தோம்?"

தனக்கொடி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வழியில இருக்குன்னு வந்தமா?"

"அங்க போகாம முடிஞ்சிட்டா நல்லாருக்கும்னு பாத்தேன். வண்டியை எடு."

அவன் சேதராப்பட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினான். லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தனக்கொடி மனத்துக்குள் அந்த ஒரு மணி நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வெட்கத்துக்கு, பெயர் தெரியாத ஒருத்தியின் நேரத்திலிருந்து எடுத்துச் செலவு செய்திருந்தாள்.

*

சேதராப்பட்டு கம்பெனி வாசலில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பிருந்த அதே இரும்பு கேட். பச்சைக்குப் பதிலாக நீலம் பூசியிருந்தார்கள். உள்ளேயிருந்து பசை வேகும் நாற்றம் வந்தது. சூப்பர்வைசர் கோவிந்தசாமியின் தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் நரைக்கவில்லை.

"யாரு, தனக்கொடியா! உள்ள வா, உள்ள வா. உனக்கு கேட் தெறக்காம இருக்குமா? கம்பெனிக்கு நல்லது பண்ணவ நீ."

ஆஃப்ரின் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள். அஃப்சல் தனக்கொடியின் முகத்தைப் பார்த்து, அது பாராட்டு இல்லை என்று புரிந்துகொண்டான்.

அவள் செய்த நல்லது இதுதான். அட்டை வெட்டும் மெஷினில் ஒருத்திக்கு இரண்டு விரல் போயிற்று. வேகமாக ஓடட்டும் என்று மெஷினின் தடுப்பைக் கழற்றி வைத்தது கம்பெனி. விரல் போனவளே கழற்றினாள் என்று எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது தனக்கொடி. போடாவிட்டால் வேலை போகும் என்றார்கள். போட்டாள். போட்ட பிறகும் அங்கே நிற்க முடியாமல், தானே போய்விட்டாள்.

"இன்னைக்கு ஒரு பொண்ணு வேலையை விட்டு நின்னுக்குதாமே, யாரு?" என்றாள் தனக்கொடி, கோவிந்தசாமியின் கண்ணாடி அறைக்குள் போனதும்.

"நிர்மலா. ஏன், எதுனா கேஸா?"

"அவமேல இல்ல. கூப்பிடுங்க."

"ஷிஃப்ட் நேரத்துல…" என்று இழுத்தவர், "உனக்காக," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிர்மலா வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கலாம். தலையில் கட்டிய துணியில் அட்டைத் தூள். கட்டைவிரல் இரண்டிலும் பழுப்பு டேப். ஆஃப்ரினைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"போட்டோல பாத்த மாதிரியே இருக்கீங்க அக்கா! என்னை வழியனுப்பவா வந்தீங்க?"

தனக்கொடிதான் சொன்னாள், சுற்றி வளைக்காமல்.

"சொல்மனை ஏமாத்துக் கம்பெனிம்மா. எழுதி வாங்கிட்டுத் தொரத்திடுவாங்க. நாலு பேரை அப்படிப் பண்ணியிருக்காங்க. திங்கக்கிழமை உனக்கு அங்க வேலை கெடையாது. எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்கிக்க."

நிர்மலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"போங்கக்கா. நாலு பேருக்கு எழுத வராம இருக்கும். ஆஃப்ரின் அக்கா ஏழு நாள் பாக்காம எதையும் போட மாட்டாங்க. அவங்களே அங்க எழுதி, எப்படி எழுதினாங்கன்னு சொல்லியிருக்காங்க. அதைப் படிச்சிட்டு நான் அழுதேன் தெரியுமா?"

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து உள்ளங்கை அகல அட்டை ஒன்றை எடுத்தாள். போன் கேட்டில் இருக்கும் நேரத்தில் படித்துக்கொள்வதற்காக, பேனாவால் நுணுக்கி எழுதி வைத்திருந்தாள். தனக்கொடி வாங்கிச் சத்தமாகவே படித்தாள்.

'கம்பெனி பஸ்ஸின் கடைசி ஜன்னல்தான் என் மேசை. கட்டைவிரலில் டேப் சுற்றியிருக்கும். சுண்டுவிரலின் ஓரத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவேன். பஸ் நிற்பதற்குள் ஒரு பத்தி முடிக்க வேண்டும். என்னால் முடிந்தது, உங்களால் முடியாதா? சொல்மனையில் எழுதிப் பாருங்கள்.'

படித்து முடித்ததும் அவள் நிர்மலாவைப் பார்க்கவில்லை. ஆஃப்ரினின் கையைப் பார்த்தாள். நகத்தில் இளஞ்சிவப்புச் சாயம். கட்டைவிரல் பன்னீர் தெளித்த மாதிரி மெத்தென்று இருந்தது.

"நீ எந்தக் கம்பெனி பஸ்ல போன ஆஃப்ரின்?" முதல் தடவையாக 'நீ' என்றாள்.

ஆஃப்ரின் சுவரைப் பார்த்தாள்.

"நான் எழுதல," என்றாள். "வாட்ஸப்ல ஒருத்தன் பரிந்துரை விக்கிறான். பத்து ஒரு கட்டு. ரெடியா எழுதியே குடுத்துடுவான். பட்டியல் பெருசாயிடுச்சி. ஒவ்வொன்னையும் ஏழு நாள் பாக்க எனக்கு நாள் பத்தல. படிச்சேன், நல்லா இருந்துச்சி, போட்டுட்டேன். அந்தத் தளத்தை நான் தெறந்துகூடப் பாக்கல. அதான் அழிச்சேன்."

"ஆக, இதுவும் கட்டுக்கணக்குதான்," என்றான் அஃப்சல். யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க எழுதலியா?" நிர்மலாவின் குரல் இறங்கியது. "அப்ப யாரு? என்னை மாதிரியே ஒருத்தி…"

"இந்தக் கம்பெனில எத்தனை பேர் பஸ்ல ஒக்காந்து சுண்டுவிரலால எழுதுறீங்க?" என்று கேட்டாள் தனக்கொடி.

"நான் மட்டும்தான். மத்தவங்க தூங்குவாங்க."

"இதுக்கு முன்னாடி யாருக்காவது மாதிரிக் கட்டுரை எழுதி அனுப்பினியா?"

"போன வருஷம், ஒரு வாட்ஸப் குரூப்ல கேட்டாங்க. உங்க ஒரு நாளை எழுதுங்கன்னு. ரெண்டு பக்கம் எழுதினேன். உங்க எழுத்துல உயிர் இல்லன்னு திருப்பிட்டாங்க. வெக்கமாயிடுச்சி, நான் வெச்சிருந்ததையும் அழிச்சிட்டேன்." அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "இதைப் படிச்சப்ப எங்கயோ கேட்ட மாதிரிதான் இருந்துச்சி. நல்ல எழுத்துன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது.

"பஸ் நிக்கிறதுக்குள்ள ஒரு பத்தி முடிக்கணும்… இதுக்கப்புறம் ஒரு வரி இருக்கும். 'நின்ற பிறகு நான் எழுதுகிறவள் இல்லை, முப்பத்தேழாம் நம்பர்.' அதை வெட்டிட்டாங்க."

கோவிந்தசாமி அவள் சட்டையில் குத்தியிருந்த தகரப் பில்லையைப் பார்த்தார். 37.

கேட்டிலிருந்து அவள் போனை வாங்கி வரச் சொன்னாள் தனக்கொடி. 'உயிர் இல்லை' என்று அனுப்பிய எண்ணும், ஆஃப்ரினுக்குப் பரிந்துரை விற்ற எண்ணும் ஒரே எண். அவளிடம் பிடுங்கியதைப் பொறியில் வைத்து அவளையே பிடித்திருக்கிறார்கள். அஃப்சல் எண்ணைக் குறித்துக்கொண்டான். "இவனை நான் பாத்துக்கிறேன். எங்க அண்ணனுங்க தாங்காத வாயை இவன் எப்படித் தாங்குறான்னு பாக்கலாம்," என்றான்.

மணி ஒன்று ஐம்பது.

"சார், அந்த லெட்டரு…" என்றாள் நிர்மலா.

கோவிந்தசாமி மேசை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். கொடுக்கவில்லை.

"மேனேஜர் ரெண்டு மணிக்குத்தான் கையெழுத்துப் போடுவார். அதுவரைக்கும் கிழிக்கலாம். ஆனா உன் எடத்துக்கு ஆள் எடுத்தாச்சே. ஆறு நாளா உன் பக்கத்துலதானே நின்னு கத்துக்குது. திங்கக்கிழமை பில்லை குடுக்கிறதா சொல்லியாச்சு. நீ இருந்தா அது கெடையாது. இருக்கிறது ஒரு எடம்தான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நிர்மலாவின் மேசையில் ஒரு பெண் தனியாக அட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தில் இவர்கள் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. கட்டைவிரலில் புது டேப். அது அவிழாதபடி சுற்றிவிட்டது நிர்மலாதான்.

நிர்மலா அவளைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்க்கவில்லை. கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள், நாலாகக் கிழித்தாள், துண்டுகளைக் கசக்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு வேற வழி இல்ல," என்றாள் யாரையும் பார்க்காமல்.

"என்னை மன்னிச்சிடு நிர்மலா," என்றாள் ஆஃப்ரின். "என் வலைப்பூல உன் பேரைப் போட்டு, நடந்ததை எல்லாம் அப்படியே எழுதிடறேன். நான் பாக்காமப் போட்டேன்னும் எழுதறேன்."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட போய் நீங்க சொல்லுங்க. என்னால முடியாது. நான்தான் அவளை வரச் சொன்னேன்."

ஆஃப்ரின் திரும்பி தனக்கொடியைப் பார்த்தாள். 'நீங்க சொல்லுங்களேன்' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. தனக்கொடி அசையவில்லை.

"போ," என்றாள். "நான் கூட வர்றேன். பேச மாட்டேன்."

இரண்டு பேரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சத்தத்துக்குள் போனார்கள். ஆஃப்ரின் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து கத்திக் கத்திச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டாள். அழவில்லை. மெதுவாக டேப்பை உரித்து மேசையோரத்தில் ஒட்டினாள். வீணாக்கக் கூடாது என்பது போல. பிறகு ஆஃப்ரினின் காதருகே வந்து, தானும் கத்தியே கேட்டாள்.

"அந்த எழுதுற வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கிறாங்களா அக்கா?"